பனி சொன்ன சாட்சி

ஈயம் என்னும் சொல் தமிழில் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் பூசப்படுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பாக வார்க்கப்படுவதும் வெள்ளீயமே. காரீயமோ நஞ்சு. உடலுக்குள் சென்றால் நரம்புகளையும் சிறுநீரகங்களையும் அது கெடுக்கும். வளரும் குழந்தைகளின் அறிவாற்றலைக் குறைக்கும். இந்த நஞ்சு உலகெங்கும் காற்றில் பரவியதற்கு மனிதனே காரணம் என்பதை மெய்ப்பித்த சாட்சி, மனிதர் குடியிராத பனிப்பரப்பிலிருந்து கிடைத்தது.

கிளேர் பேட்டர்சன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1922ஆம் ஆண்டு பிறந்த வேதியியல் அறிஞர். விண்கற்களில் இருந்த காரீயத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் வெளியிட்டவர். அந்த ஆய்வில் அவருக்குப் பெருந்தொல்லை ஒன்று நேர்ந்தது. எத்தனை முறை அளந்தாலும், இருக்க வேண்டிய அளவைவிட மிகுதியான காரீயமே தென்பட்டது. ஆய்வுக்கூடத்தின் காற்றிலும், மேசையிலும், குழாய் நீரிலும், தலைமுடியிலும்கூட அது ஒட்டியிருந்தது. தூசு புகாத தூய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்த பின்னரே சரியான அளவு கிடைத்தது. தொல்லை நீங்கியது, ஆனால் கேள்வி நீங்கவில்லை. இவ்வளவு காரீயம் எங்கிருந்து வந்தது?

இயந்திரம் தட்டல் ஓசையின்றிச் சீராக ஓடுவதற்காக, 1923 முதல் அமெரிக்காவில் பெட்ரோலுடன் காரீயச் சேர்மம் ஒன்று கலந்து விற்கப்பட்டது. வண்டிகளின் புகையோடு காரீயமும் காற்றில் கலந்தது. பேட்டர்சன் இதனைச் சுட்டிக்காட்டியபோது, தொழில் நிறுவனங்களின் சார்பில் பேசியோர் மறுத்தனர். மண்ணிலும் நீரிலும் காரீயம் எக்காலத்தும் உண்டு. ஆகவே மனித உடலில் அது இருப்பது இயற்கையே என்றனர். இதற்கு விடை கூற வேண்டுமானால், ஆலைகளும் வண்டிகளும் தோன்றாத காலத்துக் காற்றை ஆராய வேண்டும். அந்தப் பழங்காற்றை எங்கே தேடுவது?

கிரீன்லாந்தின் உட்பகுதியில் ஓராண்டுப் பனியின்மேல் மறு ஆண்டுப் பனி படிகிறது. கீழ் அடுக்குகள் இறுகிப் பனிக்கட்டியாகின்றன. காற்றில் மிதந்து வந்த தூசும் உலோகத் துகள்களும் அந்தந்த ஆண்டின் அடுக்கிலேயே சிறைப்படுகின்றன. ஆழம் செல்லச் செல்லக் காலம் பின்னோக்கிச் செல்லும். 1960களில் பேட்டர்சனும் அவருடைய குழுவினரும் அங்கே பனியைக் குடைந்து கட்டிகளை அறுத்தெடுத்தனர். மனிதர் கைபட்டாலே பனி மாசடையும் என்பதால், நெகிழி உடையும் கையுறையும் அணிந்தனர். வாள்களை அமிலத்தால் கழுவினர்.

முடிவுகள் 1969இல் வெளிவந்தன. கி.மு. 800ஆம் ஆண்டளவில் படிந்த பனியைவிட, 1965இல் படிந்த பனியில் ஏறத்தாழ 200 மடங்கு காரீயம் இருந்தது. 1940க்குப் பின் அதன் ஏற்றம் மிகக் கடுமையாக இருந்தது. எங்கும் காணப்பட்ட காரீயம் இயற்கையானது அன்று. மனிதர் பழகிப்போனது மட்டுமே என்பது தெளிவாயிற்று.

ஆயினும் உண்மை உடனே வெல்லவில்லை. காற்றிலுள்ள காரீயத்தை ஆராய 1971இல் அமைக்கப்பட்ட தேசிய அறிஞர் குழுவில், அத்துறையை நன்கறிந்த பேட்டர்சனுக்கே இடமளிக்கப்படவில்லை. அவர் சோர்ந்துவிடாமல் தம் அளவீடுகளைத் தொடர்ந்தார்.

பின்வந்த ஆய்வுகள் மேலும் பல செய்திகளைப் பனியிலிருந்து படித்தன. கிரேக்கரும் ரோமானியரும் வெள்ளிக்காகக் காரீயத் தாதுவை உருக்கிய காலத்தில், கிரீன்லாந்துப் பனியில் காரீயம் இயற்கை அளவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆயிற்று. கி.பி. 165இல் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் தாக்கியபின், சுரங்கங்களும் உலைகளும் அடங்கவே, அது குறைந்தது. அண்டார்டிகாவிலோ ஆஸ்திரேலியச் சுரங்கத் தாதுவின் காரீயம் 1889ஆம் ஆண்டளவிலேயே படியத் தொடங்கிவிட்டது. அமுண்ட்சென் தென்முனையை அடைந்தது 1911இல்தான். மனிதனின் காலடிக்கு முன்பே அவனுடைய மாசு அங்குச் சென்று சேர்ந்திருந்தது.

பனி நற்செய்தியையும் சொன்னது. 1970களில் அமெரிக்கா பெட்ரோலில் காரீயத்தைக் குறைக்கத் தொடங்கியது. கிரீன்லாந்தில் புதிதாக விழுந்த பனியில், ஏறத்தாழ 20 ஆண்டுகளில் காரீயம் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாயிற்று என 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. பேட்டர்சன் 1995 டிசம்பரில் மறைந்தார். அடுத்த மாதமே அமெரிக்கச் சாலை வண்டிகளுக்குக் காரீயம் கலந்த பெட்ரோல் விற்பது முற்றிலும் தடைசெய்யப்பட்டது. இந்தியா 2000ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. இறுதியாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது. இன்று இந்தியாவில் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள், தம் பெற்றோர் சிறுவயதில் சுவாசித்த அந்தப் புகையைச் சுவாசிப்பதில்லை.

ஆனால் பணி முடிந்துவிடவில்லை. பழைய மின்கலங்களை உடைத்து உருக்கும் இடங்களிலும், சில வண்ணப்பூச்சுகளிலும் காரீயம் இன்றும் குழந்தைகளை நெருங்குகிறது. எங்கும் இருப்பதாலேயே ஒன்று இயற்கையாகிவிடாது. அதனை அளந்து பார்த்துக் கேள்வி கேட்கும் மனிதர் ஒவ்வொரு தலைமுறைக்கும் தேவைப்படுகின்றனர்.