இது யார் வண்டி?

செமஸ்டர் ஒருவழியா முடிஞ்சது மக்களே. இன்னிக்குக் கொஞ்சம் சட்டம் பேசப்போறேன். பயந்து ஓடாதீங்க, நான் சட்டம் படிக்கிறவன் இல்லை, பட்டதைத்தான் சொல்றேன் :-)

போன வருஷம் காலேஜ்ல சேர்ந்தப்போ அண்ணன் எனக்கு ஒரு பைக் பரிசா கொடுத்தான். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவியை என் கையில வச்சான். டி.என். 11 நம்பர். கேம்ப் ரோட்டுக்கும் குரோம்பேட்டைக்கும் "என் வண்டி, என் வண்டி"ன்னு சுத்தினேன். 24 மாசத் தவணைன்னு தெரியும். ஆனா அது அவன் பாடுன்னு விட்டுட்டேன்.

நாலு மாசம் முன்னாடி அண்ணனுக்கு வேலை போச்சு. வீட்ல யாருக்கும் சொல்லலை. ரெண்டு டியூ நின்னுபோக, ஒருநாள் காலைல ரெண்டு பேர் வாசல்ல வந்து நின்னாங்க.

"வண்டி யாருது?"

"என்னுது."

"ஆர்.சி.யைப் பாருங்க தம்பி."

பார்த்தேன். அண்ணன் பேர் இருந்தது. கடன் கொடுத்த கம்பெனி பேர் இருந்தது. என் பேர் எங்கேயும் இல்லை.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சேன். 1882ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டப்படி, அசையும் பொருளைப் பரிசா கொடுக்கப் பத்திரம் தேவையில்லை, கையில ஒப்படைச்சாலே போதும். அப்பாடா, ஜெயிச்சேன்னு நினைச்சேன். ஆனா கொடுக்கிறவர் தன்கிட்ட இருக்கிற உரிமையைத்தானே கொடுக்க முடியும்? ஹயர் பர்ச்சேஸ்னா கடைசித் தவணை கட்டுற வரைக்கும் பொருள் கம்பெனியோடது. ஹைப்பாதிகேஷன்னா வண்டி வாங்கினவரோடது, ஆனா கடனுக்கு ஈடா நிக்குது. எங்களுது ரெண்டாவது ரகம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 51ஆவது பிரிவுப்படி, கம்பெனி எழுத்துல சம்மதம் கொடுக்காம ஆர்.சி.யில உரிமையாளர் பேரை மாத்த முடியாது. கடன் முடிஞ்சப்புறம் படிவம் 35 கொடுத்துத்தான் கம்பெனி பேரை நீக்கணும்.

ஒரே ஆறுதல், கடனுக்காக அடியாள் அனுப்பி வண்டியைப் பிடுங்கக்கூடாதுன்னு 2007ல உச்ச நீதிமன்றம் ஒரு வங்கி வழக்குல கண்டிச்சிருக்கு. எங்க வீட்டுக்கு வந்தவங்களும் மரியாதையாத்தான் பேசினாங்க. பத்து நாள் டைம் கொடுத்தாங்க.

"வண்டியைக் கொடுத்துடலாம்ணா"ன்னேன். "உனக்குக் கொடுத்ததுடா, எப்படித் திருப்பிக் கேட்பேன்?"னு சொல்லிட்டு, நண்பர்கிட்ட கடன் வாங்கி ரெண்டு டியூவையும் கட்டிட்டான்.

கணக்குப் பார்த்தா அவன் எனக்குக் கொடுத்தது இதுவரைக்கும் 15 தவணை. பாக்கி 9. சேலையூர்ல ரெண்டு பசங்களுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பிச்சிருக்கேன். அந்தப் பணம் முழு டியூவுக்குப் பத்தாது, பாதி வரும்.

இப்பல்லாம் யாராவது கேட்டா "அண்ணன் வண்டி"ன்னுதான் சொல்றேன். நீங்களும் உங்க ஆர்.சி.யை ஒருதடவை எடுத்துப் பாருங்க.