நாணயத்துக்கு ஞாபகம் இல்லை

தெரிந்த இளம் தம்பதி வந்திருந்தார்கள். முதல் குழந்தைக்கு தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். 'நாலுல ஒண்ணுக்கு வரும்னு டாக்டர் சொன்னார், சார். ஒண்ணு வந்தாச்சு. இனிமே மூணுக்கு வராதில்லையா?' என்றார் கணவர்.

மெண்டல் 1866-ல் பட்டாணிச் செடிகளை வைத்து எழுதிய கணக்குதான் இது. அம்மாவிடமிருந்து ஒரு ஜீன், அப்பாவிடமிருந்து ஒன்று. இவர்கள் இருவரிடமும் ஒன்று நல்லது, ஒன்று பழுது. நல்லது காப்பாற்றிவிடுவதால் இவர்களுக்கு நோய் இல்லை. குழந்தைக்குப் பழுது இரண்டும் சேர்ந்தால்தான் வம்பு. ஒவ்வொரு கருவுக்கும் இருவரும் புதிதாக நாணயம் சுண்டுகிறார்கள். போன தடவை என்ன விழுந்தது என்று நாணயத்துக்கு ஞாபகம் இருக்காது. அடுத்ததற்கும் அதே 25 சதவிகிதம்தான்.

'அப்ப முக்கால்வாசி நல்லபடியா பிறக்குமில்ல?' என்றாள் அந்தப் பெண். வாய்ப்பு இருக்கிறது, கருவிலேயே சோதித்தும் பார்க்கலாம்.

பத்துப் பொருத்தம் பார்க்கிறீர்களே, பதினோராவதாக ஒரு ரத்தப் பரிசோதனையும் பாருங்களேன்.