அரைப்பேர்

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பெஞ்சின்மீது நிற்கவைத்தேன். ஹந்தானை மலைச்சரிவின் லயமொன்றிலிருந்து நடந்து வருபவள். பிந்தி வருவாள், வந்தால் உறங்குவாள். தண்டித்தால் திருந்துவாள் என்று நம்பினேன். மறுநாள் முதல் அவள் வரவில்லை.

அந்த நம்பிக்கை என் சொந்தச் சரக்கன்று. ஆசிரியப் பயிற்சியில் உளவியலின் வரலாற்றை மனப்பாடம் செய்தவன் நான். 1879இல் லைப்சிக்கில் ஆய்வுகூடம் அமைத்த வூண்ட், நனவின் கூறுகளைப் பிரித்தறிய முயன்றார். வியன்னாவில் பிராய்டு நனவிலி மனத்தை ஆராய்ந்தார். 1912இல் வெர்தைமரின் ஆய்விலிருந்து கிளைத்த கெஸ்டால்ட் பிரிவினர், உறுப்புகளைக் கூட்டினால் முழுமை கிட்டாது என்றனர். அடுத்த ஆண்டே வாட்சன், உள்ளத்தை விடுத்து, புலப்படும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்றார். குழந்தையின் சிந்தனை சமூக உறவிலே வளர்கிறது என்றார் வைகோட்ஸ்கி. பரீட்சை முடிந்ததும் எல்லாரையும் மறந்தேன். வாட்சன் வழிவந்த நடத்தைவாதம் மட்டும் நிலைத்தது. பரிசு, தண்டனை என்ற இரண்டோடு காரியம் முடிந்துவிடுகிறதன்றோ!

ஒரு வாரம் பொறுத்து லயத்துக்குப் போனேன். ஒற்றை அறையின் மூலையில் கிழவி ஒருத்தி மூச்சிரைத்துக் கிடந்தாள்.

"ராவெல்லாம் அப்பாயியை இதுதான் முழிச்சுப் பார்க்குது, சேர்," என்றார் தாய். "நான் வெள்ளன மலைக்குப் போகணும். கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர்தானே போடுறாங்க!"

அரைப்பேர் என்றால் அரைநாட் கூலி. கூலியைக் காட்டியும் வெட்டியும் மனிதரை இயக்கும் அந்தக் கணக்குக்கும், என் பெஞ்சுத் தண்டனைக்கும் என்ன வேறுபாடு? இருவரும் காரணத்தைக் கேட்கவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகம் இங்கிருந்து தூரமில்லை. அங்கே கற்பித்த பத்மசிறி த சில்வா, பௌத்த உளவியலையும் பிராய்டையும் ஒப்பிட்டு 1973இல் நூல் எழுதினார். அங்கே பணியாற்றிய கணநாத் ஒபேசேகர, கதிர்காமத்துச் சடைமுடித் துறவியரின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டறிந்து 1981இல் நூல் வெளியிட்டார். அவர் செய்ததுபோல் எதிரே அமர்ந்து கேட்க, எனக்குப் பட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மாணவி திரும்பி வந்தாள். பிந்திவரும் நாளில் இப்போது அப்பாயியின் நலத்தை முதலில் விசாரிக்கிறேன். என் கனிவால் லயத்து அறை பெரிதாகவில்லை, கூலியும் உயரவில்லை. குழந்தையின் உள்ளத்தைப் பேசும் நாம் அந்த அறையையும் கூலியையும் பேசாவிட்டால், நம் உளவியலுக்கும் அரைப்பேர்தான் போடவேண்டும்.