யாருக்காக உழைக்கிறது இந்த இழை?

ஜாவாவில் எழுதப்பட்ட இணையச் செயலிகளில், பயனரின் கோரிக்கை வந்ததும் வழங்கி அதை ஓர் இழையிடம் ஒப்படைப்பது வழக்கம். (த்ரெட்டை இழை என்றே சொல்லிப் பழகிவிட்டோம், நெசவாளர்கள் பொறுத்தருள்க.) வந்தவர் யார், எந்தக் கிளையைச் சேர்ந்தவர் முதலிய விவரங்களை, நிரலின் எந்த மூலையிலிருந்தும் எடுக்க வசதியாக, அவ்விழையின் மடியிலேயே முடிந்து வைக்கிறோம். 1998-இல் ஜாவா 1.2-உடன் வந்த த்ரெட்லோக்கல்தான் அந்த மடி.

நேரம்பிடிக்கும் வேலையைப் புதிய இழையொன்றுக்குத் தள்ளும்போது தொல்லை தொடங்குகிறது. அதன் மடி வெறுமை. தான் யாருக்காக உழைக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. வெறுமையாயிருப்பது ஒருவகையில் நல்லது. நிரல் பெரும்பாலும் அங்கேயே தடுக்கி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அஞ்சவேண்டியது பழைய சுமையோடு நிற்கும் மடிக்குத்தான். இன்ஹெரிட்டபிள் த்ரெட்லோக்கல் என்றொரு வசதி, தாய் இழையின் விவரங்களைப் பிள்ளை இழைக்குக் கொடுக்கும். ஆனால் பிறக்கும்போது மட்டும். த்ரெட் பூலில் வாழும் இழைகளோ ஒருமுறை பிறந்து பலருக்கு ஊழியம் செய்பவை. காலையில் வந்தவரின் பெயரைச் சுமந்தபடியே மாலையில் வருபவருக்கும் உழைக்கும்.

வேறொரு குழுவிடமிருந்து எங்கள் பராமரிப்புக்கு வந்த சம்பளச் செயலியொன்றில் இதைக் கண்ணால் கண்டோம். அறிக்கை கேட்டவர் ஒருவர். அதிலிருந்த சம்பளம் இன்னொருவருடையது. பிழைச்செய்தி ஏதுமில்லை. தனியாளாக உட்கார்ந்து சோதித்தால் எல்லாம் சரியாகவே வந்தது. இரண்டாவது பயனர் நுழைந்தால்தான் குட்டு வெளிப்படும்.

வேலையை ஒப்படைக்கும் கணத்திலேயே தேவையான விவரங்களை நகலெடுத்து, வேலையோடு கட்டி அனுப்பினோம். தொடங்குமுன் மடியில் வைப்பது, முடிந்ததும், பிழையால் முறிந்தாலும்கூட, துடைத்துவிடுவது. கோரிக்கைப் பொருளையே அப்படியே கொடுத்தாலென்ன என்று கேட்கலாம். பதில் போனபின் வழங்கி அதை அடுத்தவருக்கென எடுத்துக்கொள்ளக்கூடும். மறுபடியும் அதே கதை. ஸ்பிரிங் செக்யூரிட்டியில் ஆயத்த உறைகள் உண்டு, ஆனால் அவை சுமப்பது பயனரின் அடையாளத்தை மட்டுமே.

2025-இல் ஜாவா 25-உடன் நிலைபெற்ற ஸ்கோப்டு வேல்யூ, எல்லை தாண்டியதும் தானே கழன்றுவிடும். துடைக்கும் வேலை மிச்சம். எனினும் பூலிலுள்ள இழைக்கு அதுவும் தானாகப் போய்ச்சேராது. எங்கள் சம்பளச் செயலி பழைய ஜாவாவிலேயே ஓடுகிறது. கட்டி அனுப்புவதும் துடைப்பதும் இன்றுவரை எங்கள் கைவேலைதான்.