தட்டிச் சுவரும் பட்டாவும்

பேனல் வீடு கட்டும் தொழிலுக்கு வருகிற இளைஞர்களை முதலில் கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்துக்கு அனுப்ப வேண்டும் என்பேன். 1880-இல் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி தங்கவயலில் இறங்கிய பின், வட ஆற்காட்டுப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே வந்தன. பெரும்பாலோர் நிலமற்ற தலித்துகள். அவர்களுக்குக் கம்பெனி போட்டுக்கொடுத்தவைதான் லைன் வீடுகள். ஒரே அளவு, ஒரே மாதிரிக் கதவு, மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், மேலே தகரம். ஒரு வீட்டின் அளவைப் பிடித்துக்கொண்டால் ஒரு லைன் முழுவதையும் எழுப்பிவிடலாம். இன்று நாங்கள் மாடுலர் என்று பெயர் சொல்லிச் செய்கிற வேலையின் கணக்கு அதுதான். தாது உள்ளவரை ஆள் வேண்டும், ஆள் உள்ளவரை கூரை வேண்டும். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் அதே லைனுக்குத் திரும்புகிறார்கள்.

தற்காலிகம் என்பது கட்டுகிறவன் போடும் கணக்கு. குடியிருப்பவருக்கு அந்தக் கணக்கில் பங்கில்லை. வெள்ளம், புயல், நிலச்சரிவு, சாலையோர வாழ்க்கை, எதற்காக வீடு போட்டாலும் ஆறு மாதத்துக்கு என்று போட்டதில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிடுகிறது. ஆகவே இது எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று எங்களிடம் கேட்பதைவிட, இதில் எதைப் பின்னால் மாற்ற முடியாது என்று கேட்பது நல்லது. மாரிகுப்பம் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. தட்டி இற்றுப்போன இடத்தில் செங்கல் வைத்தார்கள், தகரத்தை மாற்றினார்கள், முன்னால் ஒரு தாழ்வாரம் இழுத்தார்கள். இதற்கெல்லாம் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஒரு கொத்தனாரும் போதும். பொதுக் கழிப்பறையையும் சாக்கடையின் சரிவையும் லைனுக்கும் லைனுக்கும் இடையே விட்ட சந்தின் அகலத்தையும் எந்தக் குடும்பமும் தனியாக மாற்றிக்கொள்ள முடியவில்லை. மனிதரே மலம் அள்ளும் கொடுமை தங்கவயலில் இந்த நூற்றாண்டு வரை நீடித்தது. முதல் நாள் வரைபடத்தில் மிச்சம் பிடித்த கழிப்பறைச் செலவை அந்த மனிதர்கள் தங்கள் உடம்பால் கட்டிக்கொண்டிருந்தார்கள். நிரந்தரமாகச் செய்யத் தெரியாத கம்பெனியும் அல்ல அது. பேத்தமங்கலத்திலிருந்து பாலாற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்துவிட்டது.

தட்டிச் சுவரை இகழ்ந்து பேசுவதும் சரியல்ல. அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறும்போது மேலே நிலம் அதிரும் ஊர் அது. அதிர்ச்சியில் ஒரு கட்டடத்தின் மேல் விழும் விசை அதன் எடையோடு கூடும். கனத்த கல் சுவர் சரிந்தால் கொல்லும். இலேசான சுவர் விரிசல் விட்டு நிற்கும், விழுந்தாலும் உயிர் தப்பலாம். ஆனால் இலேசான சுவருக்கு வெயில் ஒரு எதிரி. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் எழுப்பிய தார் அட்டைக் குடில்களில் பகலில் உட்கார முடியவில்லை என்று மக்கள் சொன்னது எங்கள் தொழிலுக்கு வந்த நியாயமான தீர்ப்பு. கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே காற்றுப் போக ஒரு சாண் இடைவெளியும், மேற்கே ஒரு தாழ்வாரமும் விட்டிருந்தால் அந்தச் சூடு எவ்வளவோ தணிந்திருக்கும்.

ஆபத்து நேரத்தில் அஸ்திவாரம், சாக்கடை என்று பேச நேரம் ஏது என்று கேட்பார்கள். மாடுலர் முறை நேரத்தை மிச்சம் பிடிப்பதே அங்கேதான். பேனல் ஆலையில் வார்க்கப்படும் அதே வாரங்களில் களத்தில் மேடை கட்டலாம், குழாய் பதிக்கலாம். ஒன்று முடிய மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. சென்னைப் பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில், முன்வார்ப்புக் கான்கிரீட்டால் 1,152 வீடுகள் 2021 ஜனவரியில் தொடங்கி 2022 மே மாதம் திறக்கப்பட்டன. அந்த வேகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே பெரும்பாக்கத்துக்குக் கூவம், அடையாறு கரைகளிலிருந்து முன்பே பெயர்த்து அனுப்பப்பட்டவர்களைக் கேட்டால், பிழைப்பு நகரத்துக்குள்ளேயே நின்றுவிட்டதைத்தான் முதலில் சொல்வார்கள். வேலையிலிருந்து வீடு எத்தனை தூரம் என்பதற்கு எந்த ஆலையிலும் அச்சு கிடையாது.

இன்னொரு மறுப்பு, குடியிருப்பவர்கள் இஷ்டத்துக்கு இடித்து நீட்டினால் கட்டடம் பலவீனமாகும் என்பது. உண்மைதான், சுமையைச் சுவரில் வைத்தால். நான்கு மூலைத் தூண்களும் உத்தரமும் சுமையைத் தாங்க, பக்கச் சுவர் வெறும் மறைப்பாக இருந்தால் அதைக் கழற்றி அடுத்த அறையை இணைக்கலாம். எந்தச் சுவரைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வீட்டிலேயே தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைக்கலாம். முழுப் பெட்டியாக வார்த்து வருகிற அறையில் இது கடினம். அதற்குக் கிரேன் நுழைகிற சாலை வேண்டும், அறையின் அகலத்தை லாரியின் அகலம் தீர்மானித்துவிடும். நாலு பேர் தூக்கி நிறுத்தக்கூடிய பேனல்தான் சந்துக்கும் பேரிடருக்கும் ஏற்றது என்பது என் முடிவு.

உரிமை கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்பது கடைசி மறுப்பு, அரசு அலுவலகங்களில் அதிகம் கேட்பது. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்துக்குப் பின் 5,610 சிறு மரக்குடில்கள் போட்டார்கள். மாதம் 2 டாலர் வாடகை, அதுவே 50 டாலர் விலையில் கழிந்தது. முகாம்களை மூடும் நேரம் வந்தபோது மக்கள் அந்தக் குடில்களைக் குதிரை வண்டியில் ஏற்றித் தாங்கள் வாங்கிய மனைகளுக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு மூன்றைச் சேர்த்துப் பெரிய வீடாக்கினார்கள். சில இன்னும் நிற்கின்றன. தங்கவயலில் வீட்டு உரிமைக் கோரிக்கை சுரங்கம் மூடிய பின்னும் பல ஆண்டுகள் இழுபட்டது. காலடி மண் தன் பெயரில் இல்லாதவர் கூரைக்குப் புதுத் தகரம் வாங்கவே நூறு முறை யோசிப்பார். அதனால் எங்கள் விலைப்பட்டியலில் முதல் வரியாகப் பேனலின் சதுர அடி விலை இருக்கக் கூடாது. மனை எண், பட்டா யார் பெயரில், தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எந்தப் பக்கம் சரிகிறது என்ற நான்கும் நிரம்பிய பிறகே பேனலை லாரியில் ஏற்ற வேண்டும்.