டின் பட்டாணியும் தீதியின் கீரையும்

என் கணவருக்குக் காத்மாண்டுவில் வேலை என்றதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அங்கே காய்கறி கிடைக்குமாம்மா?" என்பதுதான். 2014-ல் திருச்சியிலிருந்து கிளம்பும்போது வற்றல், வடாம், அப்பளம் என்று ஒரு பெட்டி நிறையக் கட்டிக் கொடுத்தார்.

போய்ப் பார்த்தால் காலிமாட்டி மார்க்கெட்டில் காலிஃப்ளவரும் முள்ளங்கியும் மலையாகக் குவிந்து கிடக்கின்றன! அப்புறமும் கடைகளில் வரிசை வரிசையாக டின் காய்கறி: தாய்லாந்துச் சோளம், சீனாக் காளான், பச்சைப் பட்டாணி. ஓட்டல்காரர்களும் மலையேற வருகிறவர்களும்தான் முக்கியமாக வாங்குவார்களாம். என்னைப் போன்றவர்களுக்கும் அதில் ஒரு சௌகரியம் உண்டு. காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு, பட்டாணி சட்டென்று வேகாது. டின் பட்டாணியோ வெந்தே வருகிறது. என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயசு. பட்டாணி சாதம் என்றால் உயிர்.

இவர் இறக்குமதி செய்யும் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்குப் பார்த்தார். ராத்திரி சாப்பிடும்போது டின் வந்த கதையைச் சொல்வார். நேபாளத்துக்குக் கடலே கிடையாது. கப்பல் கொல்கத்தாவுக்கு வரும். பெட்டகத்தைச் சீல் வைத்து ரயிலில் ஏற்றி, எல்லையை ஒட்டிய பீர்கஞ்ச் பக்கத்தில் சிர்சியா என்ற ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே 2004-லிருந்து ஒரு துறைமுகம் இருக்கிறது. தண்ணீரே இல்லாத துறைமுகம்! சுங்கம், பரிசோதனை எல்லாம் முடிந்து லாரியில் ஏறினால், ஹெடாவுடா, நாராயண்கட், முக்லிங் என்று மலைப்பாதையில் திரிசூலி ஆற்றோரமாக வளைந்து வளைந்து வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் லாரி நின்ற இடத்திலேயே நிற்கும். பெட்டகத்தை நாள் கடந்து திருப்பினால் அதற்கு வேறு வாடகை. "டின்னுக்குள் இருக்கிற உப்புத் தண்ணிக்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்கிறோம்" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு 2015-ல் நின்றது. ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் கடவுள் புண்ணியத்தில் நாங்கள் பிழைத்தோம். வடக்கே சீனாவுக்குப் போகும் தாதோபானி வழி மூடிப்போயிற்று. (அது 2019-ல்தான் திறந்தது.) செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம் வந்ததை ஒட்டி எல்லைப் பகுதியில் போராட்டம். தெற்கேயும் சரக்கு வருவது தடைப்பட்டது. அடுத்த பிப்ரவரி வரை அதே கதிதான். பெட்ரோல் இல்லை, மருந்துக்குக்கூடத் தட்டுப்பாடு. காஸ் கிடைத்தால் பாதி சிலிண்டர்தான். மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, விறகு வைத்து ஊதி ஊதி என் கண் சிவந்துபோகும்.

ஒருநாள் இவர் எங்கேயோ அலைந்து, இரட்டை விலை கொடுத்து ஒரு பட்டாணி டின் வாங்கி வந்தார். பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூடி லேசாக உப்பியிருந்ததை நானும் கவனித்தேன். ஆனால் கொடுத்த காசு கண்ணில் நின்றது. நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று கத்தியை எடுத்தேன். பக்கத்து வீட்டு தீதி (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பார்த்துவிட்டு ஓடி வந்தார். "பஹினி, வேண்டாம்! குழந்தைக்கா கொடுக்கப் போகிறாய்?" என்று டின்னைப் பிடுங்கி, பிரிக்காமலேயே பையில் சுற்றிக் குப்பையில் போட்டார். என் பெண் ஓவென்று அழுதாள். எனக்கும் கோபம்தான்.

கொஞ்ச நேரத்தில் தீதி ஒரு கிண்ணத்தில் சூடாக ரசம் மாதிரி கொண்டு வந்தார். அதுதான் குந்த்ருக். கடுகுக் கீரை, முள்ளங்கிக் கீரையை வாடவிட்டு, நசுக்கி, பானையில் இறுக்கி அடைத்துப் புளிக்க வைப்பார்கள். பிறகு வெயிலில் உலர்த்திவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. வறுத்த சோயா, தக்காளி, மிளகாய் சேர்த்துக் கொதிக்க விட வேண்டியதுதான். கொஞ்சம் விறகு போதும். கப்பலும் வேண்டாம், லாரியும் வேண்டாம். நானும் மாமியார் கொடுத்த பெட்டியைத் திறந்து சுண்டைவற்றல் வறுத்துக் கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் அதுதான் காய்கறி.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உப்பிய டின்னில் கொடிய விஷம் உண்டாகியிருக்கலாம். அதற்கு வாசனையும் இருக்காது, ருசியும் இருக்காது. சகோதரிகளே, உப்பியதோ, கசிவதோ, ஓரத் தையலில் நசுங்கியதோ எதுவானாலும் ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள். நல்ல டின்னானாலும் உப்புத் தண்ணீரை வடித்து, காயை அலசிப் பயன்படுத்துங்கள். மீந்ததை டின்னிலேயே வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

இப்போது திருச்சிக்கே வந்துவிட்டோம். அவசரத்துக்கு டின் வாங்குவதை நான் விடவில்லை. ஆனால் வெயில் காலம் வந்தால் மாடியில் வற்றல் போடாமலும் இருப்பதில்லை. பிளஸ் ஒன் படிக்கும் என் பெண், "தீதி இருந்தால் முள்ளங்கிக் கீரையையும் காயப் போட்டிருப்பாங்க, இல்லேம்மா?" என்கிறாள்.