ஐந்து வயது மகளுக்கு அம்மா தந்த ஏப்ரன்... ஒரு மிசோ சூப்பின் கதை!

2008-ம் ஆண்டு, பிப்ரவரி 20. ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்தில் ஹானா என்ற சிறுமிக்கு அன்று ஐந்தாவது பிறந்தநாள். அம்மா கொடுத்த பரிசு பொம்மையோ புது உடுப்போ இல்லை. ஓர் ஏப்ரன். வீட்டில் மிசோ சூப் வைக்கும் வேலை அதிலிருந்து ஹானாவுக்கு.

ஐந்து வயதுக் குழந்தையை அடுப்பு முன்னால் நிறுத்தலாமா என்று கேட்கத் தோன்றும். ஆனால், அந்த அம்மாவுக்குக் காத்திருக்க நேரமில்லை.

அவர் பெயர் யசுதாகே சியே. இசை படித்தவர். கணவர் ஷிங்கோ, பத்திரிகையாளர். திருமணத்துக்கு முன்பே, 2000-ல், சியேவுக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு திருமணம் நடந்தது. குழந்தை பெற்றால் நோய் திரும்பும் ஆபத்து உண்டு என்று தெரிந்தும் 2003-ல் ஹானாவைப் பெற்றெடுத்தார். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் நோய் திரும்பிவிட்டது.

மகளுக்கு எதை விட்டுப்போவது? சியே தேர்ந்தெடுத்தது சமையலை. கூடவே துணி துவைப்பது, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது. படிப்பு இரண்டாவதுதான், உடம்பு நன்றாக இருந்து, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

ஏன் மிசோ சூப்?

ஜப்பானிய வீட்டுச் சாப்பாட்டின் அடிப்படை சோறு, சூப், ஊறுகாய். இந்த மூன்றும் இருந்தால் ஒருவேளை கடந்துவிடும். சூப்புக்கு உயிர் கொடுப்பது 'தாஷி' என்ற சாறு. 'கொம்பு' என்ற காய்ந்த கடற்பாசியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சூடாக்கி, கொதிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு 'கட்சுவோபுஷி' சீவல்களைப் போட்டு, அடுப்பை அணைத்து, சற்று நேரத்தில் வடிகட்ட வேண்டும்.

கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டைபோல் காயவைத்தது. நம் ஊர் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். அதைச் சீவ, இழைப்புளியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு மரப்பெட்டி உண்டு. ஹானா கற்றது இந்தச் சீவலிலிருந்துதான்.

கொம்புச் சாற்றின் ருசிக்குக் காரணம் என்ன என்று தேடிய வேதியியலாளர் இகேடா கிகுனே, 1908-ல் அதிலிருந்த குளூட்டமேட்டைக் கண்டுபிடித்து அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் சொல் அது. பிறந்த இடம் ஒரு சாதாரண சூப் சட்டி.

சாறு தயாரானதும் டோஃபு, காய், கடற்பாசி என்று கையில் இருப்பதைப் போடலாம். டோஃபுவை உள்ளங்கையில் வைத்தே நறுக்குவார்கள். கத்தியை மேலிருந்து கீழே மெல்ல அழுத்த வேண்டும். இழுத்தால் கை போய்விடும். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு மிசோவைக் கரைக்க வேண்டும். கரைத்த பின் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும்.

எழுதிக் கொடுத்தால் பத்து வரிதான். ஆனால், கத்தியை எவ்வளவு அழுத்துவது, கடற்பாசியை எப்போது எடுப்பது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். நாள் எண்ணிக்கொண்டிருந்த ஓர் அம்மா, மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

அம்மா இல்லாத வீடு

ஏப்ரன் கொடுத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2008 ஜூலையில் சியே இறந்துபோனார். வயது 33.

ஷிங்கோ துக்கத்தில் முடங்கிப்போனார். அந்த நாள்களில் அம்மாவிடம் கற்றபடி மிசோ சூப் வைத்து அப்பாவுக்குக் கொடுத்தாள் ஹானா. அப்பாவும் மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கினார். இந்தக் குடும்பத்தின் கதை, சியே இணையத்தில் எழுதிவந்த குறிப்புகளோடு சேர்ந்து, 'ஹானா-சானின் மிசோ சூப்' என்ற பெயரில் 2012-ல் புத்தகமானது. பிறகு திரைப்படமாகவும் வந்தது.

ஒரு குழந்தையின் தோளில் இவ்வளவு பாரமா என்ற கேள்வி நியாயமானது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்து மட்டும் சியே கற்றுக்கொடுத்திருந்தால் அது பாரமேதான். அவர் நினைத்தது வேறு. தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துச் சாப்பிடத் தெரிந்த பெண்ணாக மகள் வளர வேண்டும். அப்பாவுக்குக் கிடைத்த கிண்ணம், அதோடு சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வீடு ஒரு ருசி

அம்மாவின் கைமணத்தை ஜப்பானியர்கள் 'ஓஃபுகுரோ நோ அஜி' என்பார்கள். 'ஓஃபுகுரோ' என்பது வளர்ந்த ஆண்கள் தங்கள் அம்மாவை உரிமையோடு குறிப்பிடும் சொல். 'அஜி' என்றால் சுவை. அந்த வரிசையில் மிசோ சூப்புக்கு எப்போதும் இடம் உண்டு. வேகவைத்த சோயா பீன்ஸை உப்போடும் 'கோஜி' என்ற பூஞ்சை வளர்த்த தானியத்தோடும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுதுதான் மிசோ. கியோட்டோவில் அது வெளிர்நிறம், இனிப்பு. நகோயா பக்கம் கறுஞ்சிவப்பு, அழுத்தமான ருசி. ஃபுகுவோகா இருக்கும் கியூஷு தீவில் பார்லி மிசோ அதிகம். அதிலும் வீட்டுக்கு வீடு அளவு மாறும். பிறந்த வீட்டு ருசியைக் கடையில் வாங்க முடியாமல் போவது இதனால்தான்.

ஜப்பானிய உணவு மரபை 2013-ல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதே நாட்டில், தினமும் விதவிதமாகச் சமைக்க முடியாமல் களைத்துப்போகும் வீடுகளும் ஏராளம். அவர்களுக்காகவே சமையல் நிபுணர் டோய் யோஷிஹாரு 2016-ல் ஒரு புத்தகம் எழுதினார். சோற்றோடு காய்கள் நிறைந்த ஒரு மிசோ சூப் இருந்தால் போதும், குற்ற உணர்ச்சி வேண்டாம் என்பதே அவர் சொன்னதன் சாரம். சியே மகளுக்குத் தந்ததும் அந்த அளவுதான். விருந்துச் சமையல் இல்லை. தினமும் செய்யக்கூடிய ஒன்று.

உங்கள் வீட்டிலும் மகனோ மகளோ சமையற்கட்டுக்கு வந்து "நானும் செய்யறேன்" என்று நிற்கலாம். "போய்ப் படி" என்று அனுப்பிவிடாதீர்கள். மேடை கொஞ்சம் அழுக்காகும், சமையல் அரை மணி நேரம் தாமதமாகும். பரவாயில்லை, பக்கத்தில் நிற்கட்டும்.